ஒரு சாண் தூக்கி நிறுத்து

ஜூன் 3, செவ்வாய்

அன்புள்ள மேல்வீட்டுக்காரனுக்கு,

நான் சொல்லச் சொல்ல என் மருமகள் எழுதுகிறாள். போனில் பேசினால் உன் காது "யாரு, யாரு" என்பதைத் தாண்டி ஒன்றும் பேசவிடுவதில்லை. எஞ்சின் தின்ற காது. ஆகவே கடிதம்.

ஆற்று வெள்ளம் கடைத்தெருப் படிக்கட்டில் ஏழாவது படி வரை ஏற, உப்புக் கடைக்காரர் கரையாத மூட்டை ஒன்றையாவது காப்பாற்றுங்கள் என்று கத்திய வருஷம் உனக்கு நினைவிருக்கும். அதே வருஷம்தான் சினிமாக் கொட்டகையின் தகரக் கூரை காற்றில் பறந்து பள்ளிக்கூட மைதானத்தில் போய் உட்கார்ந்தது. மண்ணெண்ணெய் வரிசையில் நின்ற உன் வீட்டுக்காரி, வலியெடுத்து வரிசையிலிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போய் உன் மூத்தவளைப் பெற்றாள். டப்பாவைக் கடைசிவரை கையிலிருந்து விடவில்லை. அந்த வருஷக் கடைசியில்தான் நாம் பாலத்துக்கு நடு இரும்பு உத்திரத்தை, அந்தக் கர்டரை, ஏற்றினோம். எழுத்துத் தெரிந்தவர்கள் எழுதி வைத்துவிட்டு மறந்துவிடலாம். எனக்கு அந்த வசதி இல்லை.

இந்த வருஷத்தோடு பாலத்துக்கு ஐம்பது. பாலத்து ஆபீஸிலிருந்து ஒருவர் வந்தார். வேலை செய்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டப் போகிறார்களாம். பழைய ஏடுகளில் கம்பெனி பெயர் மட்டும் இருக்கிறது, ஆட்களின் பெயர் இல்லை. இருப்பது கர்டர் ஏறிய அன்று எடுத்த ஒரே படம்.

"இதுல இருக்கிறவங்க பேரெல்லாம் உங்களுக்குத் தெரியுமாமே ஐயா? முப்பத்து மூணு பேர்."

"முப்பத்து நாலு."

"தலையை எண்ணிட்டேங்க."

"கீழ இருந்த தலையைத்தானே எண்ணினீங்க? ஒருத்தன் மேல இருந்தான்."

கிரேன் கூண்டுக்கு நாம் மேல்வீடு என்று பெயர் வைத்ததையும், அதில் உட்கார்ந்து கிரேன் ஓட்டியதால் நீ மேல்வீட்டுக்காரன், கீழே நின்று உனக்குக் கை காட்டியதால் நான் கீழ்வீட்டுக்காரன் என்பதையும் சொன்னேன். சிரித்தார். எழுதிக்கொள்ளவில்லை. படத்தில் இல்லாதவர் பெயரை வெட்ட அவருக்கு அதிகாரம் இல்லையாம். ஆகஸ்ட் பதினேழாம் தேதி விழாவில் நான் எல்லாப் பெயரையும் சொல்ல வேண்டும், அதைக் கேட்டு அவர்களுடைய தலைமைப் பொறியாளர் அம்மா ஒத்துக்கொண்டால் முப்பத்து நாலாவதையும் வெட்டலாமாம்.

"நீங்க உட்கார்ந்தே சொல்லலாம்" என்றார்.

உட்கார்ந்தவன் காட்டுகிற கைக்கு மேல்வீடு பணியக் கூடாது என்பது நம் களத்துச் சட்டம். உன் பெயரை நான் உட்கார்ந்துகொண்டு சொன்னால் நீயே ஒத்துக்கொள்ள மாட்டாய். நின்றுதான் சொல்வேன் என்றேன்.

அங்கேதான் இடிக்கிறது. மூன்று மாதமாக, நான் எழுந்து நின்றால் யாரோ கண்ணுக்குத் திரை போடுகிறார்கள். ஐந்து எண்ணுவதற்குள் காது அடைத்து, தரை கடல் மாதிரி ஆடுகிறது. புருவத்தில் மூன்று தையல் போட்டார்களே, கால்மிதி வழுக்கிவிட்டது என்று வீட்டில் சொன்னேன். என் மகன் வீட்டிலுள்ள எல்லாக் கால்மிதிகளையும் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டான். பாவம் கால்மிதி. அது ஒன்றும் செய்யவில்லை. வாசல் மணி அடித்தது, துள்ளி எழுந்தேன், செருப்பு அலமாரி என்னைப் பார்த்து வந்தது. அவ்வளவுதான் தெரியும்.

இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

(ஐயா, இதை எழுதுகிற எனக்கு இப்போதுதான் தெரிகிறது. பேனாவைக் கீழே வைத்துவிட்டு ஐந்து நிமிடம் இவரோடு சண்டை போட்டேன். "உங்கிட்ட சொல்லலம்மா, அவன்கிட்டதான் சொன்னேன்" என்கிறார். — மருமகள்)

இப்படிக்கு,
கீழ்வீட்டுக்காரன்


ஜூன் 12, வியாழன்

மடையா,

இதைப் படித்துக் காட்டும் மருமகளுக்கு ஆசி. அந்த வார்த்தையை மட்டும் இன்னொரு தடவை உரக்கப் படித்துவிட்டு மேலே போ அம்மா.

நாற்பது வருஷம் எனக்கு என்ன கை காட்டினாய்? முதலில் வடம் இறுகட்டும் என்று காட்டுவாய். பிறகு ஒரு சாண் தூக்கு. பிறகு முஷ்டியை உயர்த்தி நிறுத்து என்பாய். சுமை அந்தரத்தில் ஒரு சாண் தொங்கும். அதைச் சுற்றி வந்து, கட்டுப் பிடித்திருக்கிறதா, சாய்கிறதா என்று பார்ப்பாய். எனக்கு மேலே வெயிலில் மண்டை வெந்துகொண்டிருக்கும். உனக்கு அவசரமே இருக்காது. அதற்குப் பிறகுதான் ஏற்று. ஒரு நாளாவது சுமையை ஒரே மூச்சில் விருட்டென்று தூக்கவிட்டிருக்கிறாயா? உன் உடம்பை மட்டும் ஏன் அப்படித் தூக்குகிறாய்?

ஏன் என்று எனக்கே தெரியும். மணி. களத்தில் மணி அடித்தால் நீ எங்கே உட்கார்ந்திருந்தாலும் வில்லிலிருந்து புறப்பட்ட மாதிரி எழுவாய். இப்போது உன் வீட்டு வாசலில் பால்காரர் மணி அடித்தாலும் உனக்குக் கர்டர் வந்துவிட்டது.

இன்னொன்று. தண்ணீர் குடிக்கிறாயா? சுமை தொங்கும்போது கை காட்டுகிறவன் இடத்தை விட்டு ஒதுங்கக் கூடாது என்று காலையிலிருந்து வேலை முடியும் வரை சொட்டுத் தண்ணீர் குடிக்க மாட்டாய். அந்தப் பாழும் பழக்கம் இன்னும் இருக்கும் என்று என் முழங்கால் சொல்கிறது. டாக்டரிடம் போ. எல்லா மாத்திரைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துக்கொண்டு போ. நீயாக எதையும் நிறுத்தாதே.

என் பெயருக்காக நீ மல்லுக்கட்ட வேண்டாம். படத்தில் இல்லாததால் எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை. என் பேரன் சின்னவனாக இருந்தபோது அந்தப் படத்தைப் பார்த்து "நீங்க எங்க தாத்தா?" என்றான். மேலே என்று விரலைக் காட்டினேன். செத்துப் போனவர்களை அப்படித்தான் காட்டுவார்கள் என்று அழுதுவிட்டான். அன்றைக்குப் படத்தைக் கழற்றி வைத்தேன். வேறொன்றும் இல்லை.

முழங்கால் இரண்டும் போனதால் விழாவுக்கு நான் வருவதற்கில்லை.

மேல்வீட்டுக்காரன்


ஜூன் 27, வெள்ளி

அன்புள்ள மேல்வீட்டுக்காரனுக்கு,

திட்டு கிடைத்தது. மருமகள் அந்த வார்த்தையை மூன்று தடவை படித்தாள்.

டாக்டர் அம்மாவிடம் போனோம். சின்ன வயது, கண்டிப்பான ஆள். படுக்க வைத்து ரத்த அழுத்தம் பார்த்தார், நூற்று நாற்பத்தாறு. நிற்க வைத்து ஒரு நிமிடம் கழித்துப் பார்த்தார், நூற்று நாலு. மூன்றாவது நிமிடம் தொண்ணூற்றெட்டு. நான் சுவரைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நிக்கும்போது ரத்தம் காலுக்கு இறங்குதுங்க. சின்ன வயசுல குழாய்ங்க உடனே இறுகி அதை மேல தள்ளும். உங்களுக்கு அது தாமதமாகுது."

"வடம் இறுகறதுக்கு முன்னால தூக்கறேன்னு சொல்லுங்க."

"எந்த வடம்?"

மருமகள் உன் கடிதத்தை எடுத்துப் படித்துக் காட்டினாள். மடையா என்பதையும் சேர்த்து. டாக்டர் அம்மா கேட்டுவிட்டு, "இவர் டாக்டரா?" என்றார். "இல்லைங்க, கிரேன் ஓட்டினவர்" என்றேன். "இந்த வைத்தியத்துல பாதியை அவரே எழுதிட்டார்" என்றார். தலைக்கனம் ஏற வேண்டாம், மீதிப் பாதி அவருடையது.

மாத்திரைப் பையைக் கொட்டினார். ரத்த அழுத்தத்துக்கு ஒன்று. சிறுநீர் தடையில்லாமல் போக வேறொரு டாக்டர் கொடுத்தது ஒன்று. இரண்டும் அழுத்தத்தை இறக்குமாம். இரண்டையும் நான் காலையில் ஒரே வாயில் போட்டுக்கொண்டிருந்தேன். ஒன்றைப் பாதியாக்கி, மற்றதைப் படுக்கப் போகும் நேரத்துக்கு மாற்றியிருக்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் உப்பைக் கூட்டச் சொன்னாரே என்றேன். "படுத்திருக்கும்போது உங்களுக்கு அழுத்தம் அதிகம். என்னைக் கேக்காம உப்புல கை வைக்காதீங்க" என்றார்.

தண்ணீர் விஷயத்தில் உன் முழங்கால் சொன்னது சரி. ஒரு நாளைக்கு எவ்வளவு குடிப்பீர்கள் என்றார். மாத்திரை விழுங்குகிற அளவு என்றேன். டாக்டர் அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வையில் நம் பழைய மேஸ்திரி தெரிந்தார். இப்போது காலையில் கண் விழித்ததும், காலைக் கீழே வைப்பதற்கு முன், ஒரு சொம்புத் தண்ணீர். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் ஆளுக்கொரு செங்கல். தொடை வரை இறுக்கிப் பிடிக்கிற காலுறை வேறு. அதைப் போடுவது பாம்பு உரித்த சட்டையை மறுபடி பாம்புக்குப் போடுகிற வேலை.

எழுவது இப்படி. படுத்தபடியே பாதத்தை இருபது தடவை ஆட்ட வேண்டும்: வடம் இறுகுகிறது. எழுந்து கட்டில் விளிம்பில் உட்கார வேண்டும்: ஒரு சாண். அப்படியே இரண்டு நிமிடம்: நிறுத்து, பார். பிறகு, எதையாவது பிடித்துக்கொண்டு, ஏற்று. கண்ணுக்குத் திரை வந்தால் வீரம் காட்டாமல் உட்கார்ந்துவிட வேண்டும்.

என் மகன் ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான். "இன்னொரு தடவை விழுந்தீங்கன்னா விழாவும் கிடையாது ஒண்ணும் கிடையாதுப்பா. சக்கர நாற்காலிதான்." அவன் முகத்தைப் பார்த்தால் கோபமில்லை, பயம். ஒத்துக்கொண்டேன்.

வாசல் மணியைக் கழற்றிவிட்டான். வருகிறவர்கள் இப்போது கதவைத் தட்டுகிறார்கள்.

கீழ்வீட்டுக்காரன்


ஜூலை 8, செவ்வாய்

மருமகளே,

இது உனக்கு மட்டும். அவனுக்குப் படித்துக் காட்டாதே. அவனாகப் படித்துவிடுவான் என்ற பயம் நமக்கு இல்லை.

அவன் யார் சொன்னாலும் கேட்க மாட்டான். சொல் அவன் காதில் நிற்காது. கைக்கு மட்டும் கட்டுப்படுவான். ஆகவே உனக்கு மூன்று சைகை சொல்லித் தருகிறேன். ஆள்காட்டி விரலை மேலே நீட்டிச் சின்னதாக வட்டம் சுழற்றினால், ஏற்று. உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்லக் கீழே அமுக்கினால், இறக்கு. முஷ்டியை மூடித் தோளுக்கு மேல் உயர்த்தினால், நிறுத்து.

முதல் இரண்டையும் கை காட்ட நியமித்தவர் மட்டும்தான் காட்டலாம். மூன்றாவது அப்படியில்லை. களத்தில் யார் முஷ்டி காட்டினாலும், துப்புரவு செய்கிறவர் காட்டினாலும், நிறுத்தியே ஆக வேண்டும். கேள்வி கிடையாது. அவன் ரத்தத்தில் ஊறிய சட்டம் அது. ரத்தம் காலுக்கு இறங்கினாலும் சட்டம் இறங்காது.

கண்ணாடி முன்னால் நின்று பழகு. விரலைக் குழையவிடாதே. விரல் குழைந்தால் மேலே இருக்கிறவனுக்கு நம்பிக்கை போய்விடும்.

அன்புடன்,
உன் மாமனாரின் மேல்வீட்டுக்காரன்


ஜூலை 22, செவ்வாய்

அன்புள்ள மேல்வீட்டுக்காரனுக்கு,

ஒரு வழக்குக்கு உன் சாட்சி வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை சுடுதண்ணீரில் நெடுநேரம் குளித்தேன். வயிறு முட்டச் சாப்பிட்டேன். இரண்டும் ரத்தத்தைத் தலையிலிருந்து இழுக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னது நினைவிருந்தது. நினைவு இருந்தது, புத்தி இல்லை. கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுந்தேன். பாதி வழியில் திரை வந்துவிட்டது. சுவரைப் பிடித்து, வழுக்கி வழுக்கி, தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு கீறல் இல்லை.

மகன் ஓடி வந்தான். "விழுந்துட்டீங்க."

"விழல. இறக்கி வெச்சேன்."

"தரையில கிடக்கறீங்கப்பா!"

"சுமை கை நழுவிப் போனா விழறது. கட்டுப்பாட்டோட தரைக்கு வந்தா இறக்கறது. கீழ வந்த சுமையெல்லாம் விழுந்த சுமையாடா?"

அவன் தலையில் கை வைத்துக்கொண்டு என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். சிரிக்கிறானா அழுகிறானா தெரியவில்லை. மருமகள்தான் தீர்ப்புச் சொன்னாள். "இந்தத் தடவை இறக்கினதுன்னே இருக்கட்டும். சுடுதண்ணிக் குளியல் இனிமே கிடையாது. சாப்பாடு கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை. கதவை நான் திறப்பேன்."

அதுமுதல் ஒரு விசித்திரம். நான் எழப் போனால் அவள் எதிரே வந்து முஷ்டியைக் காட்டுகிறாள். என் உடம்பு அப்படியே நின்றுவிடுகிறது! நான் நினைத்தால்கூட அசைவதில்லை. எங்கே கற்றுக்கொண்டாள் என்றால் சொல்லமாட்டேன் என்கிறாள். உனக்கு ஏதாவது தெரியுமா?

கீழ்வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 9, சனி

அன்புள்ள கீழ்வீட்டுக்காரனுக்கு,

எனக்கு ஒன்றும் தெரியாது. இறக்கியதுதான் என்று சாட்சி சொல்கிறேன்.

இன்னும் எட்டு நாள். ஒன்று சொல்ல வேண்டும், விளையாட்டு இல்லை. மேடையில் திரை வந்தால் உட்கார்ந்துவிடு. என் பெயர் கல்லில் இல்லாவிட்டால் பரவாயில்லை. கல் எனக்குக் கடிதம் எழுதப் போவதில்லை. மேலே இருந்து பார்த்தால் எல்லாருடைய மண்டையும் ஒரே மாதிரிதான் தெரியும். நிமிர்ந்து என்னைப் பார்த்த முகம் உன்னுடையது ஒன்றுதான். நாற்பது வருஷம் அந்த முகத்தைப் பார்த்துத்தான் நான் சுமையை ஏற்றினேன். அது செருப்பு அலமாரியில் மோதி உடையக் கூடாது.

தண்ணீர் குடி.

மேல்வீட்டுக்காரன்


ஆகஸ்ட் 18, திங்கள்

அன்புள்ள மேல்வீட்டுக்காரனுக்கு,

நேற்று நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். மருமகளே, ஒன்றையும் விடாமல் எழுது.

பாலத்தின் மேற்கு முனையில் பந்தல். கூட்டம் நிறைய. மேடையில் எனக்கு முன்வரிசை நாற்காலி, பக்கத்தில் தலைமைப் பொறியாளர் அம்மா. எனக்கு முன்னால் நான்கு பேர் பேசினார்கள். அந்த நேரமெல்லாம் நான் வேட்டிக்குள் பாதத்தை ஆட்டிக்கொண்டும் கெண்டைச் சதையை இறுக்கி விட்டுக்கொண்டும் இருந்தேன். என் முறைக்குக் கால் மணி நேரம் முன்னால் இரண்டு டம்ளர் தண்ணீரை மடமடவென்று குடிக்க வேண்டும் என்பது டாக்டர் அம்மா உத்தரவு. மூன்றாவது ஆள் பேசும்போது குடித்தேன். நாலாவது ஆள் சுருக்கமாகப் பேச வேண்டுமே என்று எனக்கு வேறு கவலை வந்துவிட்டது. நல்லவர், சுருக்கமாகப் பேசினார்.

என்னைக் கூப்பிட்டார்கள். ஆபீஸ்காரர் எழுந்து மணியை அடித்தார். விழா மணி! ஐம்பது வருஷத்துக்கு முந்தைய நம் களத்து மணியையே எங்கிருந்தோ தேடிப் பிடித்துக் கொண்டுவந்து மேடையில் தொங்கவிட்டிருக்கிறார்கள், எனக்கு மரியாதை செய்கிறார்களாம். அந்தச் சத்தம் காதில் விழுந்ததும் என் தொடை தானாகத் துடித்தது. பாதி எழுந்துவிட்டேன்.

கீழே, மேடைக்கு நேர் எதிரே, ஒரு முஷ்டி உயர்ந்தது.

நம் மருமகள். பட்டுப்புடவையில், கூட்டத்துக்கு முன்னால், தோளுக்கு மேல் முஷ்டி. நின்றுவிட்டேன். நாற்காலியின் கையைப் பிடித்தபடி, முதுகு வளைந்து, பாதி உட்கார்ந்து பாதி எழுந்து, ஒரு சாண் தூக்கிய கர்டர் மாதிரி. அவள் உள்ளங்கையைக் கவிழ்த்து அமுக்கினாள். இறக்கு. உட்கார்ந்தேன். கூட்டத்தில் சலசலப்பு. பெரியவரால் முடியவில்லை என்று யாரோ சொன்னது கேட்டது. ஆபீஸ்காரர் மைக்கை எடுத்துக்கொண்டு என்னிடம் ஓடி வந்தார். அவருக்கும் ஒரு முஷ்டி. அவரும் நின்றுவிட்டார்! என்ன சட்டம் என்று தெரியாமலே நின்றார்.

வடம் இறுகட்டும் என்று காத்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று கேட்காதே. முந்நூறு பேர் பார்க்கும்போது இரண்டு நிமிடம் என்பது ஒரு மழைக்காலம். அவசரப்படவில்லை. பிறகு அவள் விரல் உயர்ந்தது. வட்டம் சுழன்றது. குழையவே இல்லை அந்த விரல். உன் கண்ணுக்கு முன்னால் நான் காட்டியதுகூட அவ்வளவு சுத்தமாக இருந்திருக்காது. (கண்ணாடி முன்னால் ஒரு மாதம் பழகிய விரல் ஐயா. அவர் பார்க்கவில்லை. — மருமகள்)

எழுந்தேன். திரையின் ஓரம் ஒரு கணம் தெரிந்தது. காலைக் கத்திரி போல் குறுக்கே வைத்துத் தொடையை இறுக்கினேன். திரை வந்த வழியே போய்விட்டது. நின்றேன். பந்தல் நேராக இருந்தது, பாலம் நேராக இருந்தது, அந்தக் கோடியில் ஆற்றுக்கு அப்பால் இருக்கும் மரம்வரை எனக்குத் தெளிவாகத் தெரிந்தது.

பெயர்களைச் சொன்னேன். கர்டர் ஏறிய அன்று மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரை வரை யார் எங்கே நின்றார்களோ அந்த வரிசையில். தந்திக்கம்பி, பசை டப்பா, அவசரக்குடுக்கை, வெல்டர் பெரியவர், வெல்டர் சின்னவர், ஊமைக்கோட்டான், மேஸ்திரி... ஒற்றைச் செருப்பு... நமக்குத் தெரிந்த பெயர்கள் அவைதானே. முதலில் சிரித்தார்கள். பத்தாவது பெயரில் சிரிப்பு நின்றது. பதினெட்டாவது பெயரில், ஒற்றைச் செருப்பின் மகளாம், ஒரு அம்மாள் எழுந்து நின்றாள். அவளைப் பார்த்து இன்னொருவர். நான் பெயர் சொல்லச் சொல்லப் பந்தலில் ஆட்கள் எழுந்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் எந்த வருஷம், எப்படிப் போனார் என்றும் சொன்னேன். தவறவில்லை.

என்னோடு சேர்த்து முப்பத்து மூன்று முடிந்தது. ஆபீஸ்காரர் கைதட்ட ஆரம்பித்தார். நான் முஷ்டியைக் காட்டினேன்.

"இன்னும் ஒருத்தர்" என்றேன்.

தலைமைப் பொறியாளர் அம்மா படத்தைப் பார்த்தார். "படத்துல இல்லையேங்க?"

"படம் எடுத்தவர் கீழ பாத்து எடுத்தார்மா. படத்துல முப்பத்து மூணு பேரும் எங்க பாக்கறோம், பாருங்க."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். முப்பத்து மூன்று முகமும் அண்ணாந்திருக்கிறது. ஒருவர்கூடப் படம் எடுத்தவரைப் பார்க்கவில்லை. ஐம்பது வருஷமாக அந்தப் படத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், ஒருவரும் கேட்கவில்லை, இவர்கள் யாரைப் பார்க்கிறார்கள் என்று.

அந்த அம்மா நிமிர்ந்தபோது கண் ஈரமாக இருந்தது. "ஆதாரம் இதுலயே இருக்கு. முப்பத்து நாலுன்னே வெட்டுங்க" என்று ஆபீஸ்காரரிடம் சொன்னார். பிறகு என்னிடம், "அவர் எந்த வருஷம் போனார்?" என்று கேட்டார்.

நான் நின்றுகொண்டுதான் இருந்தேன். பதினோரு நிமிடம் என்று மகன் பிறகு சொன்னான். அவன் கடிகாரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தானாம். கால் ஆடவில்லை. ஆள்காட்டி விரலை மேலே நீட்டினேன். பந்தல் முழுக்க அண்ணாந்து பார்த்தது, அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே. உன் பேரன் அழுதது நினைவுக்கு வந்தது. விரலை உடனே இறக்கி, நீ இருக்கிற ஊர்ப் பக்கம் நேராக நீட்டினேன்.

"எங்கயும் போகலம்மா, இருக்கான்" என்றேன். "எங்க மேல்வீட்டுக்காரன்."